நீர்மேல் எழுத்தும் கல்மேல் எழுத்தும்

நீர்மேல் எழுத்து என்றும் கல்மேல் எழுத்து என்றும் இரு தொடர்கள் நம் வழக்கில் உண்டு. எழுதிய கணத்திலேயே மறைவது ஒன்று. காலம் கடந்தும் நிற்பது மற்றொன்று. மனித இயல்பைச் சுட்டுவதற்கு நம் முன்னோர் கையாண்ட இத்தொடர்கள் கணிப்பொறியின் நினைவுக்கும் நன்கு பொருந்துகின்றன. நீர்மேல் எழுதும் விரைவோடு கல்மேல் எழுத இயலுமா என்பதே, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கணிப்பொறி அமைப்போர் தம்மைத் தாமே கேட்டுவரும் கேள்வியாகும். அக்கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொறியியல் வல்லுநர்க்கே உரிய செய்தியாயிற்றே, நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு உண்டு. மாதம் பிறந்ததும் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம். பொங்கலுக்கு ஊர் செல்ல இரயிலில் இடம் பதிவு செய்கிறோம். முன்னாளில் மணியார்டர் அனுப்ப அஞ்சலகம் சென்றால், எழுத்தர் பணத்தை எண்ணி வாங்கிப் புத்தகத்தில் பதிந்த பின்னரே இரசீதைக் கிழித்துக் கொடுப்பார். பதிவு முன்னும் இரசீது பின்னுமாக அமைந்த அந்த வரிசையின்மீதுதான் நம் நம்பிக்கை நின்றது. இன்று கைப்பேசியின் திரையில் ‘செலுத்தப்பட்டது’ என்னும் ஒரு சொல் தோன்றுகிறது. அதுவே நமக்கு இரசீது. அச்சொல் தோன்றும் கணத்தில் பதிவு எங்கே இருக்கிறது? அடுத்த நொடியில் மின்சாரம் நின்றுபோனால் அப்பதிவு எஞ்சுமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், கணிப்பொறியின் நினைவு எவ்வாறு வளர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு இயந்திரம், தன் நினைவிலேயே சேமித்து வைத்த கட்டளைகளைத் தானே படித்து நிறைவேற்றியது. ஃபிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன் என்னும் இருவர் தலைமையில் உருவான அவ்வியந்திரத்தின் நினைவு, தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். அதன் முகப்பில் மின்னேற்றப் புள்ளிகளாக எழுதப்பட்டவை வெறும் 1,024 பிட்டுகள். அப்புள்ளிகள் ஒரு நொடிகூட நிலைத்து நில்லா. ஆதலால் இயந்திரம் அவற்றை இடைவிடாது படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. மின்சாரம் நின்றால் எழுத்தும் போயிற்று. கணிப்பொறியின் முதல் நினைவு நீர்மேல் எழுத்தாகவே பிறந்தது.

சில ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஜே ஃபாரஸ்டர் என்பாரின் தலைமையில் உருவான வேர்ல்விண்ட் என்னும் கணிப்பொறியில் 1953-இல் காந்த வளைய நினைவகம் பொருத்தப்பட்டது. கடுகளவேயான காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் வலைபோலக் கோத்து அமைத்தது அது. ஒவ்வொரு வளையமும் வலப்புறமாகவோ இடப்புறமாகவோ காந்தமேறி ஒரு பிட்டைத் தாங்கி நிற்கும். மின்சாரம் நின்றாலும் காந்தம் அகலாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுநாள் வந்து இயக்கினாலும் எழுதியது எழுதியபடியே இருக்கும். விரைவும் நிலைபேறும் ஒருங்கே வாய்த்த காலம் அது.

நம் நாட்டிலும் இவ்வகை நினைவகம் அக்காலத்திலேயே உருவாயிற்று. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களின் நடுவில் ஒரு கணிப்பொறியைத் தாமே அமைக்கத் தொடங்கினர். முழு இயந்திரம் 1960-இல் பணியாற்றத் தொடங்கியது. 1962-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். அதன் காந்த வளைய நினைவகம் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைக் கொண்டது. இன்றைய கணக்கில் 10 கிலோபைட். அம்முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி முடித்து, 1954-இல் மும்பை நிலையத்தில் சேர்ந்தவர் அவர். பிற மாநிலம் சென்று அரும்பணி ஆற்றிய தமிழரை எண்ணும்போது அவரையும் நாம் எண்ண வேண்டும்.

காந்த வளையத்திலும் ஓர் இடர் மறைந்திருந்தது. ஒரு வளையத்தைப் படித்தால் அதிலுள்ள எழுத்து அழிந்துவிடும். படித்த கையோடு அதனைத் திரும்ப எழுதியாக வேண்டும். படித்தற்கும் திரும்ப எழுதுதற்கும் இடைப்பட்ட அந்த நுண்ணிய கணத்தில் மின்சாரம் தவறினால் நிலையான நினைவும் பிழைபடும். அன்றியும், செயலியின் உள்ளே கணக்கு நடந்துகொண்டிருக்கும் சில சொற்கள் காந்த வளையத்தில் இருப்பதில்லை. ஆகவே 1960-களின் சிறு கணிப்பொறிகள் சிலவற்றில் ஓர் ஏற்பாடு செய்திருந்தனர். மின்சாரம் தளர்வதை உணர்ந்ததும் இயந்திரம் தன் வேலையை நிறுத்தி, எஞ்சிய மிகச்சிறு நேரத்துக்குள் செயலியிலுள்ள சொற்களை வளைய நினைவகத்தில் ஒதுக்கி வைத்துவிடும். மின்சாரம் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த ஏற்பாட்டை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் இது வேறு வடிவில் மீண்டும் வரப்போகிறது.

காந்த வளையங்களைக் கோப்பது நுட்பமான கைவேலை, செலவும் மிகுதி. ஐபிஎம் நிறுவனத்து ராபர்ட் டெனார்ட் என்பவர் ஒரே ஒரு டிரான்சிஸ்டரையும் ஒரு நுண்ணிய மின்தேக்கியையும் கொண்டு ஒரு பிட்டைத் தாங்கும் முறையைக் கண்டு, 1968-இல் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் நிறுவனம் 1,024 பிட் கொண்ட நினைவகச் சில்லு ஒன்றைச் சந்தைக்குக் கொணர்ந்தது. விலை மளமளவென்று குறைந்தது. 1970-களின் இறுதிக்குள் சில்லு நினைவகமே எங்கும் பரவியது. ஆயினும் மின்தேக்கியிலுள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். இன்றும் இவ்வகை நினைவகங்களில் ஒவ்வொரு வரிசையையும் பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். விலை மலிவுக்கும் விரைவுக்கும் விலையாக நாம் நிலைபேற்றை விட்டுக்கொடுத்தோம். கல்மேல் எழுத்து மீண்டும் நீர்மேல் எழுத்தாயிற்று. நிலைத்து நிற்க வேண்டியவற்றை எழுதிவைக்கக் காந்தத் தட்டுகளே புகலிடமாயின.

இதனிடையே மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. செயலியின் விரைவு கூடிக்கொண்டே போக, பிரதான நினைவகம் அதற்கு ஈடுகொடுக்க இயலாமற் பின்தங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் ஒரு வழி கூறினார். செயலியின் அருகே சிறிய, ஆனால் மிக விரைவான ஒரு துணை நினைவகத்தை வைத்து, அடிக்கடி தேவைப்படுவனவற்றின் நகலை அதில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. 1968-இல் ஐபிஎம் அறிவித்த 360 வரிசையின் 85-ஆம் மாதிரியில் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் கேஷ். நாம் பையில் வைத்திருக்கும் ரொக்கப் பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொருளைப் பதுக்கி வைக்கும் இடம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது இது.

கேஷின் இயல்பைக் கடைக் கணக்கைக்கொண்டு விளக்கலாம். கல்லாவில் அமர்ந்திருக்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் எழுந்துபோய் உள்ளறையிலுள்ள பேரேட்டில் எழுதிக்கொண்டிரார். கையருகேயுள்ள சிட்டையில் குறித்துக்கொள்வார். ஓய்வு கிடைத்தபோது சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். கேஷும் அத்தகைய சிட்டையே. செயலி எழுதுவது முதலில் கேஷில் தங்கும். இக்காலத்துச் செயலிகள் பெரும்பாலனவற்றில் கேஷ், 64 பைட் கொண்ட வரிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். இடம் போதாதபோது ஏதேனும் ஒரு வரியைப் பிரதான நினைவகத்துக்கு அனுப்பிவிட்டுப் புதியதற்கு இடம் தரும். எந்த வரி எப்போது போகும் என்பதைக் கேஷே முடிவு செய்யும். முன்னர் எழுதியது பின்னரும், பின்னர் எழுதியது முன்னரும் பேரேட்டை அடையலாம்.

பிரதான நினைவகமே நீர்மேல் எழுத்தாக இருந்தவரையில் இதனால் தீங்கில்லை. மின்சாரம் நின்றால் சிட்டையும் பேரேடும் சேர்ந்தே அழியும். நிலைக்க வேண்டியவை காந்தத் தட்டிலே இருந்தன. அங்கே எழுதுவதற்குத் தனி முறைகள் வகுக்கப்பட்டிருந்தன. தரவுத்தள வல்லுநர்கள் 1970-களிலேயே ஒரு விதியை நிலைநாட்டினர். கணக்கை மாற்றுவதற்கு முன், இன்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி, அது தட்டில் உறுதியாகப் பதிந்த பின்னரே மாற்றத்தைத் தட்டில் எழுத வேண்டும் என்பது அவ்விதி. அஞ்சலக எழுத்தரின் வரிசையும் இதுவே. வங்கிகளின் கணக்குகள் இன்றளவும் இவ்விதியின் அடிப்படையில் இயங்குகின்றன.

இனி, கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். 2015 ஜூலையில் இன்டெல், மைக்ரான் என்னும் இரு நிறுவனங்களும் கூடி, முப்பரிமாணக் குறுக்குப்புள்ளி என்னும் புதுவகை நினைவகத்தை அறிவித்தன. 2019-இல் ஆப்டேன் என்னும் பெயரில் 128, 256, 512 கிகாபைட் அளவுள்ள பலகைகளாக அது சேவைக் கணிப்பொறிகளுக்கு வந்தது. சாதாரண நினைவகம் பொருந்தும் இடத்திலேயே இதுவும் பொருந்தும். விரைவில் அதற்குச் சில மடங்கு பின்தங்கினாலும் தட்டுகளைக் காட்டிலும் மிக விரைவானது. மின்சாரம் நின்றாலும் எழுத்து அழியாது. காந்த வளையத்தோடு நாம் இழந்த நிலைபேறு, அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு கொள்ளளவோடு திரும்பி வந்ததுபோல் தோன்றியது.

ஆனால் இடையிலே சிட்டை இருந்தது. காந்த வளையக் காலத்தில் பரவாத கேஷ் இப்போது செயலிக்கும் நினைவகத்துக்கும் நடுவே பல அடுக்குகளாக நின்றது. பேரேடு கல்லாயினும் சிட்டை நீரே. ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு 5,000 ரூபாய் மாற்றுவதாகக் கொள்வோம். புதிய பதிவை நிலையான நினைவகத்தில் எழுதுகிறோம். பின்னர், ‘இப்பதிவு செல்லும்’ என்று ஓர் அடையாளம் இடுகிறோம். இரண்டும் கேஷில் இருக்கின்றன. அடையாளம் உள்ள வரி முதலில் வெளியேறி, பதிவு உள்ள வரி வெளியேறுமுன் மின்சாரம் நின்றால் என்னாகும்? மறுபடி இயங்கும்போது அடையாளம் இருக்கும். அது சுட்டும் இடத்திலே பழைய குப்பை இருக்கும். பதிவின்றி இரசீது மட்டும் எஞ்சும் நிலை இதுதான்.

ஆகவே நிலையான நினைவகத்துக்கு ஒன்றை நகலெடுப்பது வெறும் நகலெடுப்பாக முடிவதில்லை. முதலில் எழுத வேண்டும். எழுதியது கேஷில் தங்காது வெளியேறச் செய்ய வேண்டும். முன்னவை சென்று சேர்ந்த பின்னரே பின்னவை செல்லலாம் என்று ஒரு வேலியிட வேண்டும். அதன் பிறகே அடையாளம் இட வேண்டும். அந்த அடையாளமும் சரியான எல்லையில் அமைந்த 8 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அவ்வளவே முழுதாக எழுதப்படும் அல்லது எழுதப்படாமலே போகும் என்று அச்செயலிகள் உறுதி தருகின்றன.

வெளியேறச் செய்வதற்கு இரு வழிகள் இருந்தன. கேஷைத் தீண்டாமலே நினைவகத்துக்கு எழுதும் கட்டளைகள் ஒரு வழி. இவை 1999-இலும் 2000-இலும் வந்த பென்டியம் செயலிகளில், படமும் ஒலியும் பெருக்கெடுத்து ஓடும் வேலைகள் கேஷை அடைத்துக்கொள்ளாதிருக்கும் பொருட்டுப் புகுத்தப்பட்டவை. நிலைபேற்றை அப்போது எவரும் எண்ணவில்லை. திரைப்படத்துக்காகச் செய்த கருவி பின்னாளில் கணக்குப் புத்தகத்துக்கு உதவியது. கேஷில் எழுதிவிட்டு, அந்த வரியை உடனே வெளியேற்றுமாறு கட்டளையிடுவது மற்றொரு வழி. பழைய வெளியேற்றக் கட்டளை ஒன்றன்பின் ஒன்றாகவே காத்திருந்து நடந்ததால் மந்தமாயிருந்தது. பல வரிகளை ஒருங்கே வெளியேற்ற இடந்தரும் புதிய கட்டளை 2015 முதல் வந்த செயலிகளில் சேர்ந்தது.

இரண்டனுள் எது சிறந்தது? கேஷைத் தீண்டாது எழுதுவதே குறுக்கு வழி. ஆகவே அதுவே விரைவானது என்றுதான் எவருக்கும் தோன்றும். 2017-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் நிலையான நினைவகத்துக்கென்றே ஒரு நகலெடுப்பு முறை சேர்க்கப்பட்டபோது அவ்வழியையே மேற்கொண்டனர். எல்லையில் சரியாகப் பொருந்தாத தலைப்பகுதியையும் வால்பகுதியையும் மட்டும் கேஷ் வழியே எழுதி வெளியேற்றினர். நடுப்பகுதி முழுவதும் கேஷைத் தீண்டாது சென்றது. அடுத்த ஆண்டில் 4, 8, 16 பைட் போன்ற சிறு அளவுகளுக்குத் தனிக் குறுக்குவழியும் அமைத்தனர். அடிக்கடி நிகழும் சிறு நகலுக்கு, பெரு நகலுக்குரிய சடங்குகள் அனைத்தையும் செய்வது வீண் அல்லவா?

2020-இல் மெய்யான ஆப்டேன் பலகையின்மீது அளந்து பார்த்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. தட்டுக்குச் செல்லும் எழுத்துகளை நிலையான நினைவகத்தில் தாங்கிவைக்கும் லினக்ஸ் பகுதி ஒன்றில் இச்சோதனை நடந்தது. 512 பைட் நகல்களில் கேஷைத் தீண்டாத வழி வென்றது. ஆனால் 1,024, 2,048, 4,096 பைட் நகல்களில், 64 பைட்டைக் கேஷில் எழுதி உடனே வெளியேற்றி, அடுத்த 64 பைட்டுக்குச் செல்லும் சுற்றுவழியே விரைந்து முடிந்தது. ஆகவே 768 பைட்டை எல்லையாகக் கொண்டு, அதற்குக் கீழே ஒரு வழியும் அதற்கு மேலே மற்றொரு வழியும் வகுத்தனர். 64 பைட்டை ஒரே வீச்சில் எழுதும் புதிய கட்டளை பயனுக்கு வந்தால் இம்முடிவை மறுபடி ஆராய வேண்டும் என்று பின்வருவோர்க்கு ஒரு குறிப்பையும் உடன் எழுதிவைத்தனர். அறிவால் ஊகித்தது அளவையால் திருத்தப்பட்டதற்கு இது நல்ல சான்று. இம்முடிவு எக்காலத்துக்கும் உரியதன்று என்று முடிவு செய்தவர்களே எழுதிவைத்தமை அதனினும் போற்றத்தக்கது.

கேஷைவிட்டு வெளியேறிய எழுத்தும் உடனே பலகையை அடைவதில்லை; நினைவகத்தின் வாயிலில் வரிசையில் காத்திருக்கும். அவ்வரிசையைக் காலிசெய்யத் தனிக் கட்டளை ஒன்றை முதலில் வகுத்த இன்டெல், 2016-இல் அதனைத் திரும்பப் பெற்றது. அதற்கு மாறாக, மின்சாரம் தடைப்படும் கணத்தில் எஞ்சியிருக்கும் சிறிது ஆற்றலைக்கொண்டே வாயிலில் காத்திருப்பவை உள்ளே எழுதப்படும் என்பதை இயந்திரத்தின் பொறுப்பாக்கினர். 2021-இல் வந்த செயலிகளில், உரிய ஆற்றல் சேமிப்பு இருப்பின் கேஷ் முழுவதையுமே அவ்வாறு காக்கும் வசதி வந்தது. அவ்வகை இயந்திரங்களில் வெளியேற்றக் கட்டளை தேவையற்றுப் போயிற்று. வரிசை காக்கும் வேலி மட்டும் நீங்கவில்லை. காந்த வளையக் காலத்தில் மின்சாரம் தளரும்போது செயலியின் சொற்களை ஒதுக்கி வைத்தார்களே, அந்தப் பழைய உபாயமே புது வடிவில் மீண்டு வந்தது என்று நாம் கருதலாம்.

அதன் பின் நிகழ்ந்ததும் வரலாற்றில் இடம்பெற வேண்டியதே. மைக்ரான் நிறுவனம் 2021-இல் இம்முயற்சியிலிருந்து விலகியது. 2022 ஜூலையில் இன்டெலும் ஆப்டேன் தொழிலை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நிலையான நினைவகம் என்று பெரிதும் பேசப்பட்ட அப்பொருள், விற்பனைக்கு வந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் சந்தையிலே நிலையாது போயிற்று.

ஆயினும் அம்முயற்சி வீணென்று நாம் கொள்ளலாகாது. மின்கலமோ மின்தேக்கியோ துணைநிற்கும் நினைவகங்கள் வேறு உள்ளன. அவற்றுக்கு எழுதும்போதும் இதே கேள்விகள் எழுகின்றன. எழுதுதல் வேறு, எழுதியது சென்று சேர்தல் வேறு, சேர்ந்தது நிலைத்தல் வேறு என்பதை அந்த ஆண்டுகள் நுட்பமாகப் பிரித்துக் காட்டின. விரைவைத் தேடி நாம் இடையிலே வைத்த ஒவ்வொரு சிட்டையும், பதிவுக்கும் இரசீதுக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. அவ்விடைவெளியை அறவே ஒழிக்க எப்பொருளாலும் இயலவில்லை. அதனை அறிந்து, அளந்து, அதற்குப் பொறுப்பேற்பதே செய்யக்கூடியதாக இருந்தது.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் நொய்டாவிலும் கணிப்பொறித் துறையில் பணியாற்றும் தமிழ் இளைஞர் பல்லாயிரவர். அவர்கள் எழுதும் ஏதோ ஒரு வரி, ‘முடிந்தது’ என்னும் சொல்லை யாரோ ஒருவரின் திரையில் தோற்றுவிக்கிறது. தஞ்சையிலோ தூத்துக்குடியிலோ அச்சொல்லை நம்பி ஒரு தாய் மருந்துக் கடைக்குப் புறப்படுகிறாள். அச்சொல்லை ஒரு கணம் முந்திக் காட்டினால் இயந்திரம் விரைவானதாகத் தோன்றும், பாராட்டும் கிடைக்கலாம். பதிவு சென்று சேரும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே அச்சொல்லைக் காட்டுவதுதான் அன்றைய அஞ்சலக எழுத்தர் செய்த கடமை. இத்துறையில் உழைக்கும் நம்மவர்க்கும் அதுவே கடமை.